சேலத்திலிருந்து ட்ரவுட் ஓடை வரை: ஃப்ளை மீன்பிடிப் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கூப்பிடு தூரத்தில் ஏற்காடு இருக்கும்போது ட்ரவுட் பிடிக்க நீலகிரி வரை ஏன் போக வேண்டும் என்று சேலத்துத் தூண்டில்காரர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. விடை தண்ணீரின் சூட்டில் இருக்கிறது. ட்ரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் அது சுறுசுறுப்பாக இரை எடுக்கும். 20 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்து ஒதுங்கிவிடும். 25 டிகிரியை ஒட்டிவிட்டால் பிழைப்பதே அரிது. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதே நேரத்தில் மீனின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. ஏற்காடு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் அமைந்த உச்சியே 1,623 மீட்டர்தான். சித்திரை மாதத்தில் அங்கே பகல் வெப்பம் 30 டிகிரியை நெருங்கும். ஓடைகள் மெலிந்து குட்டை குட்டையாகத் தேங்கிவிடும். வாணியாறும் திருமணிமுத்தாறும் சேர்வராயன் மலையில்தான் பிறக்கின்றன என்றாலும், ஆண்டு முழுவதும் குளிர்ந்தே ஓடும் நீர் இந்த மலையில் இல்லை. நீலகிரியின் மேற்குப் பகுதி 2,000 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்குள்ள சோலைக்காடும் புல்வெளியும் மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையிலும் கசியவிடுகின்றன.

அங்கும் ட்ரவுட் தானாக வந்த மீனன்று. 1860களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்றார்; அது கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி சார்லஸ் வில்சன் ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்து நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் 1907இல் தொடங்கியது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளும் ரஷ்யாவின் கம்சட்கா பகுதியுமே ரெயின்போ ட்ரவுட்டின் சொந்த ஊர். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இந்த மீனும் இருக்கிறது. ஆகவே இதை நம் மலைகளின் தொன்மைச் சின்னம் போலப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. நூறாண்டுக்கும் மேலாக ஓடைகளில் நிலைத்துவிட்ட ஒரு விருந்தாளி என்று கொள்வதே பொருத்தம்.

அனுமதி முதலில்

பொருள் வாங்குவதற்கும் அறை பதிவு செய்வதற்கும் முன்பாக முடிக்க வேண்டிய வேலை இது. மேல்மலையின் கணிசமான பகுதி முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அதற்குள் மீன்பிடிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே முழுமையாகச் செல்லும். பூங்காவுக்கு வெளியே அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஆகிய நீர்த்தேக்கங்கள் குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. அணையும் நீரும் மின்வாரியத்தின் பொறுப்பு, சுற்றியுள்ள காடு வனத்துறையின் பொறுப்பு, மீன் மீன்வளத்துறையின் பொறுப்பு. ஒரு துறை தலையசைத்தால் மற்றத் துறைகளும் ஒப்புக்கொண்டதாகாது.

ஆகவே உதகையில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்துக்கு, போக விரும்பும் தேதிக்குப் பல வாரங்கள் முன்பே எழுத்தில் விண்ணப்பியுங்கள். எந்த ஓடை, எந்த நாள், எத்தனை பேர், எந்த முறைத் தூண்டில், பிடித்த மீனைத் திரும்ப விடுவீர்களா எடுத்துச் செல்வீர்களா என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். அந்த இடத்துக்கு வனத்துறை அனுமதியும் வேண்டுமா என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். பழைய பயணக் கட்டுரைகளில் காணப்படும் உரிமக் கட்டணங்களையும் ஓடைப் பெயர்களையும் நம்பிப் புறப்படாதீர்கள். அன்று திறந்திருந்த நீர்நிலை இன்று மூடப்பட்டிருக்கலாம். அவலாஞ்சியில் தனியார் வாகனத்தை வாயிலிலேயே நிறுத்திவிட்டு வனத்துறை வாகனத்தில் சுற்றிக் காட்டும் ஏற்பாடு இருக்கிறது. அந்தச் சீட்டு பார்வையிடுவதற்கு மட்டுமே. அதைக் காட்டித் தூண்டிலை எடுத்தால் வழக்கில்தான் முடியும்.

அனுமதி கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன், ஊல் போன்ற ஆறுகளில் அந்த மாநில மீன்வளத்துறையே உரிமம் கொடுக்கிறது. அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. இனி வரும் தயாரிப்புகள் அந்தப் பயணத்துக்கும் அப்படியே பொருந்தும்.

எந்த மாதம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேல்மலையை நனைத்துத் தீர்த்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. சேலத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை அது ஏறத்தாழ எட்டிவிட்டது. அந்தக் காலத்தில் ஓடைகள் செந்நீராக ஓடும். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த போலிப் பூச்சியாகிய ஃப்ளை மீனுக்குத் தெரியாது, உங்களுக்கு ஓடையின் அடி தெரியாது. குளிர்மாதங்களில் ட்ரவுட் சரளைக் கற்களில் முட்டையிடும். அப்போது ஓடைக்குள் இறங்கினால் கால்பட்டே முட்டைகள் நசுங்கும். எனவே பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதிவரை போவதே நல்லது. நீர் தெளிந்து, தாழ்ந்து, இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் காலம் அது. மே மாதம் வந்துவிட்டால் மலர்க் கண்காட்சிக் கூட்டம்தான் ஊட்டியை ஆளும்.

கோலும் நரம்பும்

நம் ஏரியில் ஈயமோ தக்கையோ தன் எடையால் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை முறையில் இது தலைகீழ். ஃப்ளைக்கு எடையே இல்லை. தடித்த, பூச்சுப் பூசிய நரம்புதான் எடை. 5ஆம் எண் ஃப்ளை நரம்பின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் எடையுள்ளது. அந்த 9 கிராமைக் காற்றில் முன்னும் பின்னும் விரித்து, அதன் நுனியில் ஒரு இறகுத் துணுக்கைக் கொண்டுபோய் வைப்பதுதான் மொத்தக் கலையும்.

முதல் கோலாக 4 அல்லது 5ஆம் எண் கொண்ட எட்டரை அடிக் கோல் போதும். நான்கு துண்டாகக் கழற்றும் வகையாக இருந்தால் பேருந்திலும் கொண்டுபோகலாம். கோலின் எண்ணும் நரம்பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நரம்பு மிதக்கும் வகையாக இருக்கட்டும். ரீலுக்குப் பெரிய செலவு தேவையில்லை. சிறு ஓடையில் அதன் வேலை நரம்பைச் சுற்றி வைப்பது மட்டுமே. பணம் குறைவாக இருந்தால் ரீலில் மிச்சம் பிடித்து நரம்பில் போடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஃப்ளை நரம்பின் நுனியில் லீடர் எனப்படும், போகப் போக மெலியும் 9 அடி நைலான் நரம்பைக் கட்ட வேண்டும். அதன் கடைசி மெல்லிய பகுதிக்கு டிப்பெட் என்று பெயர். அதன் பருமனை 4எக்ஸ், 5எக்ஸ் என்று குறிப்பார்கள். எண் கூடினால் நரம்பு மெலியும். 11இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் கிடைப்பது அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. அதன்படி 5எக்ஸ் 0.006 அங்குலம், அதாவது 0.15 மில்லிமீட்டர். தெளிந்த ஓடைக்கு அது பொருத்தம்.

இவற்றோடு நீர் அளக்கும் வெப்பமானி ஒன்றையும் போலராய்டு கண்ணாடியையும் வாங்குங்கள். கண்ணாடி நீர்ப்பரப்பின் பளபளப்பை அகற்றி மீனைக் காட்டும். பின்னால் வரும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும். முரட்டுச் சிவப்பும் வெள்ளையும் தவிர்த்த சட்டை, ஈரப்பாறையில் வழுக்காத காலணி, மழைச்சட்டை, அட்டைக்குக் கொஞ்சம் உப்பு ஆகியவை போதும்.

ஃப்ளையை வீட்டிலேயே கட்டுதல்

கடைச் சரக்கில் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ் ஆகிய மிதக்கும் ஃப்ளைகளை 14, 16 எண்களிலும், உலி பகர் என்ற பெரிய ஃப்ளையை 10ஆம் எண்ணிலும் (முள்ளின் எண் கூடினால் அளவு சிறுக்கும்) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ட்ரவுட் தன் இரையில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் எடுக்கிறது. கல்லுக்கடியில் ஊரும் பூச்சிகளின் இளம்பருவமாகிய நிம்ஃப்தான் அதன் அன்றாடச் சோறு. அந்த நிம்ஃபைப் போன்ற ஃப்ளையைச் சேலத்தில் இருப்பவர் வெளியூர்ப் பொருள் எதுவும் இல்லாமலே கட்டிவிடலாம். தூண்டில் முள் மட்டும் நல்லதாக இருக்க வேண்டும்.

தேவையான பொருள்கள் ஊருக்குள்ளேயே கிடைக்கின்றன. அம்மாபேட்டையில் நெசவு வேலை செய்பவரிடம் பழுப்புப் பட்டு நூலும் மிச்சச் சரிகையும் கேளுங்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் முடியளவு மெல்லிய செம்புக் கம்பி கிடைக்கும். கோழிக்கடையில் பழுப்பு இறகுக்குப் பஞ்சமில்லை. சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாக உலர்த்துங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு விற்கும் மெல்லிய மூக்குக் குறடும் சிறு கைப்பிடிக் கவ்வியும் இதற்கென்றே செய்தவைபோல அமைந்துவிடும்.

14ஆம் எண் முள்ளைக் கவ்வியில் பொருத்துங்கள். முள்ளின் நுனிக்குச் சற்றுப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு செதிலைக் குறடால் இப்போதே நசுக்கிவிடுங்கள். கடைசியில் நசுக்கினால் முள் முறியும்போது கட்டிய வேலையும் போய்விடும். முள்ளின் தண்டில் செம்புக் கம்பியை முன்பாதியில் ஏழெட்டுச் சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். பட்டு நூலை, நரம்பு கட்டும் துளையாகிய முள்ளின் கண்ணருகே தொடங்கி வளைவு தொடங்கும் இடம்வரை ஓட்டி, அங்கே மூன்று இறகிழைகளை வாலாக வைத்துக் கட்டுங்கள். வாலின் நீளம் தண்டின் பாதிக்கு மேல் போகக் கூடாது. அதே இடத்தில் ஒரு சரிகை இழையையும் கட்டித் தொங்கவிடுங்கள். பட்டு நூலைப் பின்னிருந்து முன்னாக, போகப் போகத் தடித்துவரும்படி சுற்றி உடலாக்குங்கள். இப்போது சரிகையை எதிர்த்திசையில் ஐந்தாறு சுற்று இடைவெளிவிட்டுச் சுற்றினால் பூச்சியின் உடல்வரிகள் தெரியும். சாக்கிலிருந்து உருவிய சணல் நாரைப் பொடியாக நறுக்கி, மெழுகு தடவிய நூலில் உருட்டி, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு திரட்சியாகச் சுற்றி முடிச்சிடுங்கள். முன்பக்கம் கொஞ்சம் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் வெட்ட வேண்டாம். நீரோட்டத்தில் அது அசையும்போது கால்போலத் தோன்றும். பார்வைக்கு அழகான ஃப்ளையைவிடப் பிசிறுள்ள ஃப்ளையே பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது.

வீச்சுப் பயிற்சி

மலைக்குப் போய் வீசக் கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணுபவர் அங்கே மரத்தோடும் புதரோடும் போராடியே பொழுதைக் கழிப்பார். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, காற்று எழாத விடியற்காலையில், புல் உள்ள மைதானம் ஒன்றில் பழகுங்கள். சிமெண்ட் தரையில் நரம்பின் பூச்சு உரிந்துவிடும். முள்ளுக்குப் பதில் லீடரின் நுனியில் ஒரு சிவப்புக் கம்பளி நூல்துண்டைக் கட்டுங்கள்.

கோல்நுனிக்கு வெளியே சுமார் 8 மீட்டர் நரம்பை நேராகத் தரையில் விரித்துவிட்டு, கோல்நுனியைத் தாழ்த்தி நில்லுங்கள். மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே கோலை உயர்த்துங்கள். கடிகார முகத்தை மனத்தில் வைத்தால், கோல் 1 மணி நிலைக்கு வந்ததும் சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்தும்போதுதான் வளைந்திருந்த கோல் நிமிர்ந்து நரம்பைப் பின்னால் எறிகிறது. இப்போது காத்திருக்க வேண்டும். நரம்பு பின்னால் முழுவதும் விரிந்து நேராகும்வரை கை அசையக் கூடாது. தலையைத் திருப்பி அதைப் பார்ப்பதில் எந்தக் கேவலமும் இல்லை. விரிந்ததும் அதே முடுக்கத்தோடு முன்னால் கொண்டுவந்து 10 மணி நிலையில் நிறுத்துங்கள். பின்வீச்சில் சாட்டை சொடுக்கும் ஓசை கேட்டால் நீங்கள் காத்திருக்கவில்லை என்று பொருள். ஓடையில் அந்த ஓசையோடு ஃப்ளையும் அறுந்து போயிருக்கும்.

தொடக்கத்தில் எல்லோருக்கும் மணிக்கட்டு அளவுக்கு மேல் மடியும். அப்போது நரம்பு பின்னால் தரையில் விழும். இதற்கு எளிய வைத்தியம், முழுக்கைச் சட்டையின் கைப்பட்டிக்குள் கோலின் அடிமுனையைச் செருகிக்கொண்டு வீசுவது. மணிக்கட்டு மடிய முடியாமல் முன்கையே வேலை செய்யும். நாளுக்கு இருபது நிமிடம் போதும். கை களைத்த பிறகு செய்யும் பயிற்சி தவறைத்தான் பழக்கப்படுத்தும். தூரத்தைத் துரத்தவும் வேண்டாம். சோலை ஓடைகளில் பத்து மீட்டருக்கு மேல் வீச இடமே இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்து, கம்பளித் துண்டு அதற்குள் மெல்ல விழும்வரை பழகுங்கள்.

பின்னால் மரமிருந்தால் பின்வீச்சு இயலாது. அப்போது கோலை மெல்ல உயர்த்தி, நரம்பு காதுக்குப் பின்னால் தொப்பைபோலத் தொங்கும்வரை கொண்டுவந்து, ஒரே விசையில் முன்னால் அடித்து நிறுத்தினால் நரம்பு நீர்மேல் உருண்டு விரியும். இந்த உருள்வீச்சுக்கு நீரின் பிடிப்பு வேண்டும். புல்தரையில் சரியாக வராது. மூக்கனேரியோ கன்னங்குறிச்சிப் புது ஏரியோ உங்களுக்கு அருகில் எது இருக்கிறதோ அங்கே போகலாம். ஆனால் ஏரி மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கலாம் என்பதால், குத்தகைதாரர் எவராவது இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டே நரம்பை நீரில் இடுங்கள். அவர் சம்மதித்தால் நீங்கள் கட்டிய நிம்ஃபை ஜிலேபிக் கெண்டையிடம் சோதித்துப் பார்க்கலாம். ஃப்ளையில் மீன் கடிப்பது கைக்கு எப்படித் தெரியும் என்பதை அது இலவசமாகக் கற்றுக் கொடுக்கும்.

பயணம்

சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாக மேட்டுப்பாளையம் போய்க் குன்னூர்ச் சாலையிலோ கோத்தகிரிச் சாலையிலோ ஏறலாம். 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி நீலகிரிக்குள் நுழையும் வெளிமாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். முதல் நாளே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டிலே நல்லது. ஊட்டியிலிருந்து அவலாஞ்சிப் பகுதி 25 முதல் 30 கிலோமீட்டர். அதிகாலைப் பனிமூட்டத்தில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஓடையில்

வந்து சேர்ந்ததும் கோலைப் பூட்டாதீர்கள். வெப்பமானியை நிழலான ஓட்டத்தில் இரண்டு நிமிடம் அமிழ்த்திப் பாருங்கள். 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெயில் ஏறும்வரை டீ குடிக்கலாம். 20 டிகிரியைத் தாண்டியிருந்தால் அன்று மீனைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே முறை, ஏனெனில் சூடான நீரில் போராடிய மீனைத் திரும்ப விட்டாலும் பிழைக்காது. பிறகு ஓட்டத்தில் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்குக் கூடு கட்டிக்கொண்ட கேடிஸ் புழுவோ, மூன்று வால் கொண்ட தட்டையான மேஃப்ளை நிம்ஃபோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் அளவையும் நிறத்தையும் ஒத்த ஃப்ளையைப் பெட்டியில் தேடுங்கள். கல்லை இருந்தபடியே திரும்ப வையுங்கள்.

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். ஆகவே கீழ்நீரிலிருந்து மேல்நோக்கி, அதன் முதுகுப் பக்கமாக நெருங்க வேண்டும். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 டிகிரி கோணமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. கரையில் தாழ்ந்திருக்கும் பொருள் அந்தச் சாளரத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். குனிந்தோ முழங்காலிட்டோ போனால் உங்களைப் பார்ப்பது அதற்குக் கடினம். நிமிர்ந்து நின்றால் பத்து மீட்டரிலும் பார்த்துவிடும்.

வேகமான ஓட்டமும் மந்தமான ஓட்டமும் உரசிக்கொள்ளும் கோடு, பாறையின் முன்னும் பின்னும் உள்ள அமைதியான நீர், அருவி விழும் குண்டின் தலைப்பகுதி, அரிக்கப்பட்ட கரையின் அடிநிழல் ஆகியவையே மீன் நிற்கும் இடங்கள். மந்தமான நீரில் நின்றுகொண்டு, பக்கத்து வேக ஓட்டம் கொண்டுவரும் இரையை எட்டிக் கவ்வுவதே அதன் பிழைப்பு. அருகிலிருக்கும் இடத்தில் முதலில் வீசுங்கள். தூரத்து மீனுக்கு ஆசைப்பட்டு அருகிலிருந்ததை விரட்டிவிட்டால் அது ஓடி மற்றவற்றையும் கலைக்கும்.

ஃப்ளை விழுந்ததும் அது நீரோடு நீராக, தன்பாட்டில் மிதந்து வர வேண்டும். நரம்பு வேக ஓட்டத்தில் சிக்கி ஃப்ளையை இழுத்தால் நீர்மேல் ஒரு சிறு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்த ட்ரவுட் திரும்பியும் பார்க்காது. அதற்கு நரம்பின் நடுப்பகுதியைக் கோல்நுனியால் மெல்லத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் மாற்றி வையுங்கள். நிம்ஃப் கண்ணுக்குத் தெரியாது என்பதால் நரம்பின் நுனியைக் கவனியுங்கள். அது நின்றாலோ பக்கவாட்டில் நழுவினாலோ கோலை உயர்த்துங்கள். உயர்த்தினால் போதும். விராலுக்கு இழுப்பதுபோல வெடுக்கென்று இழுத்தால் சுமார் 2 கிலோ தாங்கும் 5எக்ஸ் நரம்பு அந்த நொடியே அறும்.

அணைக்குக் கீழுள்ள ஓடைகளில் மின்னுற்பத்திக்காகத் திறக்கும் நீர் திடீரென ஏறும்; நீரின் ஓசை மாறினால் முதலில் கரையேறுங்கள். புலி, காட்டெருமை ஆகியவை நடமாடும் காடு இது. தனியாகப் போகக் கூடாது. மாலை 4 மணிக்குமேல் சோலை ஓரத்தில் நிற்கவும் கூடாது. நீலகிரிப் பழங்குடியினரான தோதவரின் மந்துகள் எனப்படும் குடியிருப்புகளையும் அவர்களின் கோயில்களையும் ஒட்டிய நீரில் இறங்காதீர்கள். எருமை மேயும் இடத்தில் வழிவிட்டுச் சுற்றிப் போங்கள்.

மீன் கடித்த பிறகு

கோலை உயர்த்திப் பிடித்து, மீன் ஓடினால் நரம்பை விட்டுக்கொடுத்து, நின்றால் வாங்கி, இயன்றவரை விரைவில் முடியுங்கள். நெடுநேரம் விளையாட்டுக் காட்டினால் மீன் களைத்துச் செத்துவிடும். கையை நனைத்த பிறகே தொடுங்கள். உலர்ந்த கை அதன் உடல்மேலுள்ள வழவழப்பை உரித்துவிட, அங்கே பூஞ்சை பற்றும். செதில் நசுக்கிய முள் குறடால் ஒரு திருப்பில் கழன்றுவிடும். படம் எடுக்க வேண்டுமென்றால் நீர்ப்பரப்பை ஒட்டியே பிடியுங்கள். ஓட்டத்தை நோக்கித் தலை இருக்கும்படி தாங்கி நின்றால், செவுள் சீராக அசையத் தொடங்கியதும் தானாக உதறிக்கொண்டு போகும். எடுத்துச் செல்ல அனுமதி இருந்தால், அனுமதித் தாளில் உள்ள எண்ணிக்கைக்குள் எடுத்து, அங்கேயே கொன்று குடல் நீக்கிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். குடலை ஓடையில் வீசாதீர்கள்.

ஊர் திரும்பியதும் காலணியையும் வலையையும் சோப்பு நீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மேட்டூர் நீரிலோ நம் ஏரியிலோ இறக்க வேண்டும். ஈரத்தோடு கொண்டுவந்தால் ஒரு நீர்நிலையின் கிருமி மற்றொன்றுக்குப் போய்விடும். ஃப்ளை நரம்பை மட்டும் வெயிலில் போடாமல், ஈரத்துணியால் துடைத்து, ரீலிலிருந்து கழற்றித் தளர்வான வளையமாக நிழலில் தொங்கவிடுங்கள். ஃப்ளைப் பெட்டியையும் ஓர் இரவு திறந்தே வையுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை திறக்கும்போது முள்ளெல்லாம் துருவேறியிருக்கும்.